நெருப்புப் பட்ட நுனிகள்

கயிற்றை எப்படிக் கோப்பது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது.

சின்னச் சாட்டின் பை ஒன்றின் வாயை மடித்துத் தைத்தால் உள்ளே குழாய்போல ஒரு வழி கிடைக்கும். கயிற்றின் ஒரு நுனியில் சேஃப்டி பின்னைக் குத்தி, அந்த வழிக்குள் விட்டு, வெளியே இருந்து விரலால் நெளித்து நெளித்து ஒரு சுற்று முழுக்கக் கொண்டுவர வேண்டும். நுழைந்த ஓட்டை வழியாகவே அது வெளியே வரும். இரண்டாவது கயிற்றை எதிர்ப் பக்கத்து ஓட்டையால் விட வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும்போது பையின் வாய் சீராக மூடும். பிறகு ஒவ்வொரு கயிற்றின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, சின்ன மணி வடிவத்தில் தங்க நிறத் தொப்பி ஒன்றை மாட்டி, குறட்டால் மெல்ல நெரிக்க வேண்டும். குறட்டின் வாயில் துணி சுற்ற மறந்தால் தங்கப் பூச்சு உரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், தொப்பிக்குள் போகிற நுனி பிரிந்திருக்கக் கூடாது. பிரிந்த நுனி தொப்பிக்குள் போகாது. போனாலும் நிற்காது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் எல்லோரும் வினாத்தாள்களைச் சொல்கிறீர்கள். விடிய எழும்பிப் படித்ததையும், அப்பாமார் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றதையும் சொல்கிறீர்கள். எனக்கு அந்த வருடம் என்றால் இருநூற்றைம்பது பைகள்.

நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒரு ஒடுங்கிய சந்துக்குள் வரிசையாகப் பதினாறு வீடுகள். எங்களுடையது பத்தாவது. ஓர் அறை, அதன் பின்னால் சமைப்பதற்கு ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய குசினி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு நின்று, பதினைந்து வயதில் வீட்டு வேலைக்கென்று கொழும்புக்கு வந்தவர். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்த முதல் ஆள் நான். இதை இப்போதும் கூச்சமில்லாமல் சொல்வேன். அப்போது இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

வாரத்தில் மூன்று நாள் அம்மா வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டுக்குச் சமைக்கப் போவார். மற்ற நாட்களில் புறக்கோட்டைக் கடையொன்றுக்காக வீட்டிலேயே கயிற்று வேலை. ரிப்பனின் முனையைச் சரிவாக வெட்டுவது, நடுவில் மடித்து வெட்டி மீன்வால்போல் ஆக்குவது, குஞ்சம் கட்டுவது, தொப்பி போடுவது. எங்கள் வீட்டுத் தரையில் எப்போதும் நிறநிறமாக நூல் துணுக்குகள் கிடக்கும். என் பள்ளிக்கூடக் காலுறையில் அவை ஒட்டிக்கொண்டு வகுப்புவரை வரும்.

அம்மா சமைக்கப் போன பிளாட்டில்தான் மிஸ் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மிஸ்ஸும் அவருடைய அம்மாவும் மட்டும். மிஸ் பின்னேரங்களில் தன் ஹோலில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பார். ஒன்பதாவதாக நான் போய் உட்கார்ந்தேன். என்னிடம் அவர் எதுவும் வாங்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அது தெரியும். அம்மா குசினியில் இருந்து தேத்தண்ணி கொண்டு வரும்போதெல்லாம் பக்கத்துப் பிள்ளை என் முழங்கையை இடிப்பாள்.

அந்த வருடம் மிஸ்ஸுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வெளிநாட்டில். மிஸ்ஸுக்கு அப்போது முப்பத்திமூன்று வயது. ஏற்கனவே இரண்டு இடம் பேசிக் குழம்பியிருந்தது. ஆகவே மிஸ்ஸின் அம்மா எதற்கும் பயந்தார். பல்லி சொன்னால் பயம், கதவு தானாகச் சாத்திக்கொண்டால் பயம், வாசலில் பால் கொட்டினால் பயம். விருந்தினர் கிளம்பும்போது கையில் கொடுப்பதற்கென்று சின்னப் பைகள் தைப்பித்தார். உள்ளே ஒரு குங்குமச் சிமிழும் இனிப்பும் போடுவதாக ஏற்பாடு. கயிறு கோத்துத் தொப்பி போடுகிற வேலையை அம்மாவிடம் கொடுக்கலாம் என்று சொன்னது மிஸ்தான்.

"இஞ்ச பாரும், ஒண்டு சொல்லிப்போட்டன்," என்றார் மிஸ்ஸின் அம்மா. பைகள் நிறைந்த பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டும் அதை விடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "நுனியை மெழுகுதிரியில சுடுற வேலை வேண்டாம். கடைக்காரர் அப்பிடித்தான் செய்யிறவை. நெருப்புப் பட்ட நூல் கலியாண வீட்டுக்குள்ள வரப்படாது. பசை பூசிக் காய வையும்."

"சரிங்கம்மா. பசையிலேயே செஞ்சிருவேன்."

"சத்தியமா?"

"அட, ஆமாங்கம்மா."

அன்று பஸ்ஸில் அம்மா சொன்னார்: "சுடக்கூடாதாம். சுடாம எப்பிடியாம்?" தனக்குத்தானே சொன்னதுபோல இருந்தது. நான் பெருமையில் இருந்தேன். மிஸ்ஸின் கலியாணத்தில் எங்கள் கை வேலை. அதற்கு மேல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

மூன்று வாரம் அம்மா அந்தப் பைகளோடு இருந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது முடிந்தவை ஒரு பக்கம் அடுக்கியிருக்கும். அரக்குச் சிவப்புப் பை, தங்க நிறக் கயிறு, தங்கத் தொப்பி. கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்னால் வந்த சனிக்கிழமை, மிஸ் வீட்டில் பெரிய துப்புரவு வேலை என்று அம்மா விடியவே போய்விட்டார். மிச்சம் நாற்பது பை. கயிறெல்லாம் கோத்தாயிற்று. நுனிகளுக்குப் பசை பூசி, காய வைத்து, தொப்பி போடுவது மட்டும் பாக்கி.

"நீ செஞ்சிருவியா, பாப்பா? பசையத் தொட்டு வெச்சா போதும். காய்ஞ்சோன்ன தொப்பிய மாட்டு. அடுப்புக்கிட்ட போயிராத."

செய்துவிடுவேன் என்றேன். நான் வாசிக்கத் தெரிந்தவள்.

அன்று முழுக்க மழை. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ கூடக் கேட்கவில்லை. காலையில் பூசிய பசை மத்தியானமாகியும் ஒட்டிக்கொண்டே இருந்தது. விரலால் தொட்டால் நூல் நூலாக இழுபட்டு வந்தது. நுனிகள் நனைந்த கோழியின் இறகுபோலப் பிரிந்து நின்றன. தொப்பியை மாட்டப் பார்த்தால் பாதி நூல் உள்ளே, பாதி வெளியே. பின்னேரம் அம்மா வந்துவிடுவார். என்னை நம்பி ஒப்படைத்த வேலை ஒன்றுகூட முடியவில்லை.

செயற்கை நூல் உருகும், பருத்தி நூல் எரியும் என்று சுற்றாடல் புத்தகத்தில் படித்திருந்தேன். சாமிப் படத்தின் முன்னால் இருந்த மெழுகுதிரியை எடுத்தேன். முதல் நுனியை நெருப்புக்குள்ளேயே வைத்துவிட்டேன். நீலமாக ஒரு சுவாலை ஓடி, நுனி கறுத்துச் சுருண்டு, பிளாஸ்டிக் மணம் அடித்தது. பயந்து விரலால் நசுக்கினேன். சூட்டுக்கோல் வைத்ததுபோல இருந்தது. ஆனால் தொப்பி அழகாகப் போய் உட்கார்ந்தது. வெளியே பார்த்தால் கறுப்புத் தெரியவே இல்லை.

அதே மாதிரிச் சுட்டு நசுக்கியதில் நாற்பது பையும் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது.

அம்மா வந்து அடுக்கைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

"என்னா ஆச்சு?"

"குறடு நெரிச்சிருச்சு."

குறடு நெரித்தால் கொப்பளம் போடாது. அம்மா அதன்மேல் பற்பசை தடவிவிட்டார்.

பைகள் திங்கட்கிழமை வெள்ளவத்தைக்குப் போயின. ஷோகேஸுக்குப் பக்கத்தில் பெட்டியோடு இருந்தன. நான் டியூஷனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருந்து நேரே அவைதான் தெரிந்தன. என் பயம் ஒன்றே ஒன்று. இந்தக் கலியாணத்துக்கு ஏதாவது நடந்தால் அதற்குக் காரணம் நான். அது எங்கே நிற்கும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. கலியாணம் குழம்புவதோடு நிற்குமா, மிஸ்ஸுக்கோ மாப்பிள்ளைக்கோ ஏதாவது ஆகுமா? வீதியைக் கடக்கும்போது, தண்ணீர் குடிக்கும்போது, வினாத்தாளில் பெயர் எழுதும்போது அந்தப் பிளாஸ்டிக் மணம் வந்தது.

ஒவ்வொன்றாக நடக்கவும் தொடங்கியது. மிஸ்ஸின் கூறைச் சாரிக்குத் தைத்த சட்டை இறுக்கமாக வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வழுக்கி விழுந்தார். அழைப்பிதழைக் கொடுக்கப் போன கார் கொள்ளுப்பிட்டியில் நின்றுவிட்டது. மிஸ்ஸின் அம்மா ஒவ்வொன்றையும் என் அம்மாவிடம் சொல்லிப் பெருமூச்சு விடுவார். நான் கணக்குப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

மிஸ்ஸும் மெலிந்து போனார். மாப்பிள்ளையின் அழைப்பு வந்தால் பல்கனிக்குப் போவார். கீழே ரயில் போகும் சத்தத்தில் கதை கேட்காது. அவர் "ஓம்... ஓம்..." என்று தலையாட்டுவது மட்டும் கண்ணாடிக் கதவால் தெரியும். திரும்பி வந்து பலகையில் எங்கே விட்டோம் என்று எங்களிடமே கேட்பார். ஒரு நாள் ஏழும் எட்டும் பதினாறு என்று எழுதினார். பக்கத்துப் பிள்ளை சிரித்தாள். "மிஸ்ஸுக்குக் கலியாணக் கனவு," என்று என் காதில் சொன்னாள். "அவ வெளிநாடு போனா உனக்கு ஆரடி சும்மா படிப்பிக்கிறது?"

நெருப்புப் பட்ட நூல் அவருக்குள் வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன். அந்தப் பல்கனியில் நின்றவர் எப்படி இருந்தார் என்று இப்போது யோசித்தால், எந்தக் குழந்தைக்கும் விளங்கியிருக்க வேண்டியதுதான். எனக்கு விளங்கவில்லை. அவருடைய அம்மாவுக்கும் விளங்கவில்லை.

கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அம்மா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மிஸ்ஸின் அம்மா அறைக்குள் படுத்திருந்தார்.

"மிஸ், ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன, திரும்பவும் வினாத்தாளைத் துலைச்சிட்டியோ?"

"இல்ல மிஸ். பை."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, பசை, சாமி மெழுகுதிரி. மிஸ் ஏசவில்லை.

"எத்தினை பை?"

"நாப்பது."

"எந்த நாப்பது?"

"தெரியாது மிஸ். தொப்பி போட்டா எல்லாம் ஒரே மாதிரி."

மிஸ் தரையில் உட்கார்ந்து பெட்டியை இழுத்தார். கத்தரிக்கோலின் கூரால் ஒரு தொப்பியை நெம்பினார். உள்ளே நுனியில் தேன்சொட்டுப்போல ஒரு தெளிந்த முத்து. காய்ந்த பசை என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதில் கறுப்பு வந்தது. கரிக்கட்டை மாதிரிச் சுருண்டு, முறுகி, என் விரல் நசுக்கிய அடையாளத்தோடு.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நீண்ட நேரம் விடை தெரியாமல் இருந்த கணக்கு ஒன்று திடீரென்று பிடிபட்டால் நம் முகம் எப்படி ஆகும், அப்படி ஆனது அவர் முகம்.

"உங்கட அம்மாக்குத் தெரியுமோ?"

"தெரியாது மிஸ்."

"சரி. நீ ஒண்டும் கதைக்காத. நான் கதைக்கிறன்."

என்னைக் காப்பாற்றப் போகிறார் என்று எனக்கு அழுகை வந்தது.

மிஸ் பையோடு அறை வாசலுக்குப் போனார். "அம்மா, ஒருக்கா எழும்பி வாங்கோ. இதைப் பாருங்கோ."

மிஸ்ஸின் அம்மா வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆர் செய்தது?"

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. குசினி வாசலைப் பார்த்தார். அங்கே அம்மா ஈரக் கையோடு நின்றார். மிஸ்ஸின் அம்மாவுடைய கையில் இருந்த பையையும் என் முகத்தையும் அம்மா மாறி மாறிப் பார்த்தார்.

"நாந்தாங்க சுட்டேன்," என்றார்.

"சொன்னனான் தானே. உமக்குச் சொன்னனான் தானே."

"மழைங்கம்மா. பசை காயல."

"மழையோ? என்ர பிள்ளையின்ர வாழ்க்கை உமக்கு மழையோ?" அவருடைய குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்களிட்டக் கலியாணச் சாமான் குடுத்தது என்ர பிழை. தோட்டத்தாக்களுக்கு இதெல்லாம் என்ன விளங்கும்."

"அவவை ஏசாதேங்கோ அம்மா," என்றார் மிஸ். "நடந்தது நடந்திட்டுது. ஆனா இதைக் கண்ட பிறகு எனக்கு இந்த நாளில ஏலாது. மனசுக்கு ஒத்து வரேல்லை. நீங்கள்தானே எப்பவும் சொல்லுறனீங்கள், சகுனம் பாக்கோணும் எண்டு."

அவருடைய அம்மா எழும்பிப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா தலையை மிகக் கொஞ்சமாக அசைத்தார். மூடிக்கொண்டேன். பத்து வயதில் அது எனக்குக் கீழ்ப்படிவாகத் தெரிந்தது. இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

இனி வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார்கள்; என் டியூஷனும் அதோடு நின்றது. பைகளையும் எடுத்துப் போகச் சொன்னார்கள். கடலில் போட்டாலும் சரி, வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டியைக் கீழே வைக்கும்படி சிங்களத்தில் சொன்னார். அம்மா கேட்காததுபோல மடியிலேயே வைத்திருந்தார்.

"ஏம்மா நீங்க சுட்டதாப் பொய் சொன்னீங்க?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

அடுத்த நாள் தொப்பிகளைக் கழற்ற உட்கார்ந்தோம். கயிறும் தொப்பியும் வேறு வேலைக்கு உதவும். நான் ஒன்று, அம்மா ஒன்று. என்னுடையவை உடனே அடையாளம் தெரிந்தன. கறுப்பு. மற்றவற்றில் அந்தத் தேன்சொட்டு. பத்தாவதைக் கழற்றும்போது நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பசை என்றால் உதிர வேண்டும். உதிரவில்லை. கயிறே உருகி, உருண்டு, இறுகியிருந்தது.

"அம்மா, இதும் சுட்டதா?"

"எல்லாம் சுட்டதுதான்." அம்மா தலை நிமிரவில்லை. "மொதப் பையில இருந்து."

"பசையில செய்றேன்னு சொன்னீங்களே."

"ஆமான்னு சொல்லாட்டி குடுப்பாங்களா? இந்தக் கயித்துக்குப் பசை நிக்காது, பாப்பா. கொஞ்ச நாள்ல தொப்பியோட கையில வந்துரும். நெருப்புக்குப் பக்கத்துல காட்டணும், உள்ள விடக்கூடாது. தானா உருகி வரும். கறுக்காது. அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நல்லா நிக்கணும்னுதான் சுட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் பசை?"

"நீ தனியா இருந்த. நெருப்பு வேணாம்னு பாத்தேன்."

நான் அழத் தொடங்கினேன். அம்மா குறட்டைக் கீழே வைத்தார்.

"ஒன் வெரலப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். நீ ஏங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்." பிறகு குறட்டை மறுபடி எடுத்துக்கொண்டு, "மிஸ்கிட்டப் போய்ச் சொல்லியிருக்க," என்றார். கேள்வியாக இல்லை.

அவர் சொன்னது சரிதான். அந்த வயதில் சொல்ல வேண்டிய விஷயங்களை வாசிக்கத் தெரிந்தவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கலியாண நாளை மாற்றினார்கள். மாப்பிள்ளைக்கு லீவு ஒத்துவரவில்லை. பிறகு இன்னொரு நாள், பிறகு பேச்சு இல்லை. இந்த விவரமெல்லாம் மிஸ்ஸே வந்து சொல்லித்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் எங்கள் சந்துக்குள் குடையோடு நின்று பத்தாவது வீடு எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கையில் வினாத்தாள் கட்டு. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அம்மா பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வைத்தார். வெள்ளவத்தையில் குடிக்கிற மாதிரிச் சீனி குறைத்து. மிஸ் என்னை அருகில் உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்தார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே, நாட்கள் மாறியதையும், தன் அம்மாவுக்குப் பிரஷர் ஏறியதையும், இனி எவரும் தன்னைக் கேட்க மாட்டார்கள் போல இருக்கிறது என்பதையும் சொன்னார். ஆனால் மெலிந்து போயிருந்தவர் இப்போது கொஞ்சம் தேறியிருந்தார்.

அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"மிஸ், ஒன்னு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்களே."

"கேளுங்கோ அக்கா."

"இந்தக் கயிறு இல்லாட்டி, என்னான்னு சொல்லி நிப்பாட்டிருப்பீங்க?"

மிஸ் கோப்பையைப் பார்த்தார். "தெரியாது அக்கா. அதைத்தான் கனநாளாத் தேடிக்கொண்டிருந்தனான்."

"வேணாம்னு சொல்லிருக்கலாமே."

"எங்கட வீட்டில அது மட்டும் காணாது."

அம்மா தலையாட்டினார். "எங்க பேரு போதுமா இருந்துச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தொப்பிக்குச் சரியான அளவு எது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "டீ ஆறுது மிஸ், குடிங்க," என்றுவிட்டுக் குசினிக்குப் போனார்.

மிஸ் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து என் தாளைத் தன் பக்கம் இழுத்தார். காது அவர்கள் பேச்சில் இருந்ததால் எனக்குப் பின்னக் கணக்குகள் மூன்று பிழையாகியிருந்தன. எழுதி முடித்த உடனேயே எனக்கு அது தெரிந்திருந்தது. மிஸ்ஸின் பேனா ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்தது. அந்த மூன்றிலும் ஒரு கணம் நின்று, சரி போட்டார்.

நான் அந்தத் தாளை மடித்து வைத்தேன். அடுத்த தாளைக் கேட்டு வாங்கினேன்.